ஓடாத ஹெரால்டுக்கு எதற்குப் புதுப் பெயிண்ட்?

"இப்பத்தான் ஷோரூம்ல இருந்து இறக்கின மாதிரி இருக்கு சார்!" பழைய கார்களை வரிசையாக நிறுத்தும் எந்த மைதானத்திலும் இந்தப் பாராட்டு காதில் விழும். சொல்கிறவர் மனதாரத்தான் சொல்கிறார். கேட்கிற உரிமையாளருக்கும் கொட்டிய பணம் அத்தனையும் அந்த ஒரு வரியில் வசூலாகிவிடுகிறது. எனக்கு மட்டும் வேறொரு கணக்கு ஓடும்: அறுபது வயது வண்டி நேற்றுப் பிறந்ததுபோல் தெரிய வேண்டுமானால், அதிலிருந்து எவ்வளவைச் சுரண்டி எறிந்திருப்பார்கள்?

பல வருடம் நின்றுபோன காரை மீட்பது என்றால் நம்மூரில் வழி ஒன்றுதான். அக்கு அக்காகக் கழற்றிப் போட வேண்டும். பாடியில் மணல் அடித்துச் சுரண்ட வேண்டும். பிறகு டிங்கரிங், பட்டி, பெயிண்ட், பம்பருக்கு முலாம், சீட்டுக்குப் புது உறை. எஞ்சின் வேலை அந்தப் பட்டியலில் கடைசிக்கு முந்தைய வரி. பிரேக் அதற்கும் கீழே எங்கோ இருக்கும். மெக்கானிக் ஷெட், வாங்கி விற்கும் தரகர், பரிசு கொடுக்கும் நடுவர் என்று எல்லோரும் இதையே சொல்வதால் புதிதாக ஒரு பழைய வண்டி வாங்கியவருக்கு மறுபேச்சு இருப்பதே தெரிவதில்லை. அந்த மறுபேச்சைத்தான் இங்கே பேசப் போகிறேன். முப்பது வருடம் நின்ற வண்டி முதலில் பத்திரமாக நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும். அதைத் தாண்டி ஒரு தகட்டைத் தொடுவதானாலும் தொடுகிறவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதற்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டைவிடப் பொருத்தமானது வேறில்லை. 1948-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் ஆலையில் 1961 முதல் இதைச் செய்தது. மூலம் 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோத்தி. பம்பாயின் ஃபியட்டிலும் உத்தர்பாராவின் அம்பாசிடரிலும் பாடியேதான் எல்லாப் பாரத்தையும் தாங்கும். ஹெரால்டில் அடியில் தனி சேசிஸ். அதன்மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். கூரையைக்கூடத் தனியாக எடுத்துவிடலாம். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குக் கொடுத்த இந்த வரமே வண்டிக்கு எமனாக வந்தது. கழற்றுவது இத்தனை சுலபமென்றால் கை சும்மா இருக்குமா?

ஹெரால்டுகளில் நான்கு கதவு மாடலுக்கு இன்னொரு பெருமை உண்டு. இரண்டு கதவு வண்டி இங்கே குடும்பங்களுக்கு ஒத்துவரவில்லை என்று 1968-இல் வண்டலூர் கொண்டுவந்த மார்க் 3 அது. பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்டு என்று ஒன்று செய்யப்படவே இல்லை. ஆகவே அதன் பின்கதவுக்கு உலகத்தில் வேறெங்கும் மாற்றுக் கிடையாது. வண்டலூரில் பிறந்தவைதான் மொத்த இருப்பும். இப்படிப்பட்ட வண்டியில் 'டிரையம்ப்' என்ற ஆங்கிலேயப் பட்டையை வரவழைத்து மாட்டி, "ஒரிஜினல் ஆக்கிட்டோம்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சென்னை வண்டியை லண்டன் வண்டியாக வேஷம் கட்டிவிட்டு அதற்குப் பெயர் ஒரிஜினலாம்!

"நின்ன வண்டி கெடாது, ஓடினாத்தான் தேயும்" என்றொரு நம்பிக்கை இந்தப் பெயிண்ட் மோகத்துக்குத் துணைநிற்கிறது. வெளியே தெரிகிற துருவும் மங்கலும்தான் வியாதி, அதைத் துடைத்தால் உள்ளே எல்லாம் சௌக்கியம் என்ற நினைப்பு. உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கடைசியாக எஞ்சினை அணைத்தபோது ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கும். அத்தனை ஐப்பசி மழையின் ஈரக்காற்றும் அந்த வழியாக இறங்கியிருக்கும். அந்தச் சிலிண்டரில் பிஸ்டன் ரிங் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பக்கத்துச் சிலிண்டர் கண்ணாடிபோல் இருக்கும். இதை அறியாமல் புது பாட்டரி வைத்து செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். செய்ய வேண்டியது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, கிராங்க்கைக் கையால் இம்மி இம்மியாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது. சுற்ற ஆரம்பித்த பிறகும் பிளக் இல்லாமலேயே சுழலவிட்டு, ஆயில் மேலே ஏறி அழுத்தம் காட்டும்வரை பற்றவைக்கக் கூடாது. பொறுமையைத் தவிர இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஆனால் இந்த வேலையைப் படம் பிடித்துக் காட்டி யாரிடமும் கைதட்டு வாங்க முடியாது.

பெட்ரோல் டாங்க்கில் மிச்சம் இருந்தது பிசினாகி, வார்னிஷ்போல் படிந்து, கார்பரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும். டாங்க்கின் உட்சுவர் துரு செதில் செதிலாக உதிரும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் எஞ்சின் பிளாக்குக்குள் சேறு உறைந்திருக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயர் உறைகளை எலி தின்றிருக்கும். எலி விட்டுவைத்தது தொட்டால் பொடியும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும் என்பது வேறு. இன்றைய பழக்கத்தில் எதிர்முனையை மாட்டிவிட்டுப் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பிரேக். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம். உறிஞ்சிய ஈரம் மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டர்களையும் உள்ளிருந்தே அரிக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்ளே ஊதி அடைத்துக்கொண்டிருக்கும். மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. சில சமயம் நேர்மாறாக, நான்கு தடவை நன்றாகப் பிடித்து ஐந்தாவது தடவை பெடல் தரைவரை போகும். டயரும் அப்படித்தான். பட்டன் அத்தனையும் இருக்கும், பக்கச்சுவர் செத்திருக்கும். "ஓடவே இல்லையே, புது டயர் மாதிரி இருக்கு" என்பார்கள். ரப்பருக்கு வயதுதான் கணக்கு, கிலோமீட்டர் அப்புறம்.

ஹெரால்டுக்கே உரிய இன்னொரு கண்டமும் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு கீழே டிரன்னியன் என்ற பாகத்தில் மரைபோட்டு இறங்கித் திரும்பும். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். பல ஷெட்டுகளில் எல்லா நிப்பிளுக்கும் ஒரே கிரீஸ் கன்தான். ஆயில் இல்லாமல் காய்ந்து, நீர் புகுந்து அரித்த தண்டு ஒருநாள் மரை இருக்கும் இடத்தில் முறியும். சக்கரம் உள்ளே மடங்கி வண்டி மூக்கைத் தரையில் ஊன்றும். பல அடுக்குப் பெயிண்ட்டும் கண்ணாடிபோல் மின்னும் பம்பருமாக ஒரு ஹெரால்டு வந்து நின்றால் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ சாவியைத் தொலைத்தவன் மாதிரி இருக்கும்.

இத்தனையும் முதலில் முடிந்தாக வேண்டும். ஆனால் நடப்பது என்ன? பணம் பாடியிலேயே தீர்ந்துபோகிறது. பெயிண்ட் அறையிலிருந்து வண்டி வெளியே வரும்போது உரிமையாளர் கையில் மிச்சமிருப்பது ஒரு சர்வீஸுக்கான தொகை. பழைய ஹோஸ், பழைய வயர், பழைய டிரன்னியனோடு ட்ரக்கில் ஏற்றிக் கண்காட்சிக்கு வந்து இறங்குகிறது. மேடைவரை ஓடினால் போதும் என்றாகிவிட்டது.

இதையாவது மன்னிக்கலாம். முடியாமலே போன வண்டிகளை என்ன சொல்வது? ஊருக்கு ஊர் போய்ப் பாருங்கள்: ஏதோ ஒரு ஷெட் மூலையில் செங்கல்மேல் நிற்கும் பாடி, பரண்மேல் எஞ்சின், சாக்குப்பைக்குள் நட்டும் போல்ட்டும், யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தராத மீட்டர். கழற்றியவர் கடையை மூடிவிட்டார் அல்லது காலமாகிவிட்டார். எந்த போல்ட் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். இந்த வண்டிகளைத் துரு கொல்லவில்லை. கழற்றிய ஆர்வம் கொன்றது. முழுசாக நின்றிருந்தால் ஒவ்வொன்றும் இன்னும் இருபது வருடம் தாங்கியிருக்கும். துண்டாகப் பிரித்த பிறகு இரண்டு வருடத்தில் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போகிறது. எனவே 'முழுசாகப் பிரி' என்று ஆலோசனை சொல்கிறவர்கள் எத்தனை வண்டியை முழுசாகத் திருப்பிப் பூட்டினார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவர்களிடம் சாவியைக் கொடுங்கள்.

மணல் அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணல்வீச்சு தமிழனுக்குப் புதிதல்ல. குடமுழுக்கு வருகிறதென்றால் கோயில் கல்லின்மேல் மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்தார்கள்; அழுக்கோடு கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் நகக்கண்ணும் தேய்ந்தன. எதிர்ப்பு எழுந்து, அது கூடாதென்று அரசே சொல்ல வேண்டி வந்தது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் மெல்லிய தகடு என்னவாகும்? சூட்டிலும் அடியிலும் அலை அலையாக நெளியும். நெளிவை மறைக்கப் பட்டி. பட்டி கனத்தால் வெடிக்கும். வெடித்தால் மறுபடி டிங்கரிங். ஒப்புமைக்காக மட்டும் கோயிலை இழுக்கவில்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா வெளியிட்ட துரின் சாசனம், புராதனக் கட்டடங்களைக் காக்க 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றியே எழுதப்பட்டது. இருப்பதைக் காப்பது முதலில், மாற்றுவது கடைசியில் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. நம் கார் மன்றங்களில் அதை எடுத்துப் படித்தவர்கள் எத்தனை பேரோ.

இனி எதிர்த்தரப்பு. "ஒரிஜினல், ஒரிஜினல் என்கிறீரே, இந்த ஊரில் எந்த வண்டி ஒரிஜினல் பெயிண்ட்டோடு இருக்கிறது? அறுபது வருடத்தில் நாலு தடவை அடித்திருப்பார்கள்" என்பார்கள். நியாயமான அடி. ஆனால் அந்த நான்காவது பெயிண்ட்டை அடித்ததும் நம்மூர்க் கைதானே? கல்யாணத்துக்கு முன்னால் டாக்டர் வீட்டு வண்டிக்கு அவசரமாக அடித்த வெளிர் நீலம், இற்றுப்போன தகட்டில் தட்டி ஒட்டிய ஒட்டு, கிடைக்காத மீட்டருக்குப் பதில் அம்பாசிடர் மீட்டரை உட்கார வைத்த சாமர்த்தியம் எல்லாமே அந்த வண்டி இங்கே எப்படிப் பிழைத்தது என்பதற்குச் சாட்சி. இறக்குமதி இல்லாத காலத்தில் தமிழ்நாட்டு லேத் பட்டறைகள் என்ன செய்தன என்பதற்கு எந்தப் புத்தகமும் இல்லை. இந்த வண்டிகள்தான் இருக்கின்றன. அவற்றைச் சுரண்டிவிட்டு 1963-க்குப் போகிறேன் என்கிறவர் போய்ச் சேர்வது 1963-க்கும் அல்ல. அன்று வண்டலூரிலிருந்து இறங்கிய எந்த ஹெரால்டுக்கும் இன்றைய கிளியர் கோட் மினுக்கம் இருந்ததில்லை. கதவு இடைவெளி கூட ஒரே சீராக இருந்ததில்லை. சந்தேகம் இருந்தால் அந்தக் காலத்தில் ஓட்டிய பெரியவர்களைக் கேளுங்கள், மழைநாளில் எந்தக் காலில் தண்ணீர் சொட்டியது என்று சொல்வார்கள்.

"தரை முழுக்க ஓட்டை, சேசிஸ் கை இற்றுப்போச்சு. அதையும் வைத்துக் கும்பிடணுமா?" வேண்டாம். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்ட் அடியுங்கள். பாரம் தாங்கும் இடத்தில் துருவுக்குச் சலுகை கிடையாது. நான் சொல்வது, ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் வெட்டுங்கள் என்று. பின்தரை இற்றதற்காக டேஷ்போர்டைப் பிடுங்குவானேன்? அதுபோலவே பெட்ரோல் விஷயம். ஈயம் கலந்த பெட்ரோலை நாடு 2000-இல் விட்டது. 2025-இல் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் கரைத்துவிடும், சும்மா நின்றால் ஈரத்தையும் இழுக்கும். அங்கே பழையதைக் கட்டிக்கொண்டு அழுவது தீவிபத்தை வாசலுக்கு அழைப்பது. எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். சீட் பெல்ட் வைக்கிறீர்களா, பின்னால் வருகிறவர் பார்க்கும்படி இன்னொரு சிவப்பு விளக்கு வைக்கிறீர்களா, தாராளமாக. நாளைக்குக் கழற்றினால் தழும்பு இல்லாமல் கழல வேண்டும், அவ்வளவுதான். ஜப்பான் எஞ்சினும் ஏசியும் பொருத்தி மேல்தோலை மட்டும் ஹெரால்டாக வைத்துக்கொள்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது வேறு பொழுதுபோக்கு.

"விலை?" என்று ஒருவர் கேட்பார். பளபளக்கும் வண்டிதான் விலைபோகும் என்பது தரகர்களின் வேதவாக்கு. உலகச் சந்தை அந்த வேதத்தை எப்போதோ மாற்றி எழுதிவிட்டது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் பையோன் என்பவரின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. மேற்கு பிரான்ஸில் கொட்டகைகளுக்கடியில் பல பத்தாண்டுகள் கிடந்த 59 வண்டிகள். தூசியைக்கூடத் துடைக்காமல் விற்றார்கள். அவற்றில் ஒரு காலத்தில் நடிகர் அலன் டெலோன் வைத்திருந்த ஃபெராரி 1 கோடியே 60 லட்சம் யூரோவைத் தாண்டியது. இத்தாலி எல்லையில் மஜ்ஜோரே ஏரிக்கு அடியில் பல பத்தாண்டுகள் கிடந்து 2009-இல் தூக்கப்பட்ட 1925-ஆம் வருடத்து புகாட்டியை, பாதி கரைந்த நிலையிலேயே 2.6 லட்சம் யூரோ கொடுத்து வாங்கிய கலிஃபோர்னியச் சேகரிப்பாளர் அதை அப்படியே காட்சிக்கு வைத்தார். பளபளப்புக்குக் கோயில் கட்டிய அமெரிக்காவின் பெபிள் பீச் பழைய கார் போட்டியே 2024-இல் மனம் மாறி, புதுப்பிக்கப்படாத 1934 புகாட்டி ஒன்றுக்கு முதல் பரிசு கொடுத்தது. புதுப்பிக்காமல் காத்த வண்டிகளுக்கான பிரிவிலிருந்து ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் தடவை.

அதெல்லாம் கோடீஸ்வரர் கதை, ஹெரால்டு என்ன புகாட்டியா என்றால், இல்லைதான். அதனால்தான் என் வாதம் ஹெரால்டுக்கு இன்னும் பொருந்தும். புகாட்டியில் கொட்டிய பணம் ஏலத்தில் திரும்பி வரலாம். ஹெரால்டின் பெயிண்ட்டில் போட்ட பணம் எந்தக் காலத்திலும் திரும்பாது. திரும்பாத பணத்தை, உயிரைக் காக்கிற பிரேக்கில் போடுவதா மற்றவர் பார்த்துவிட்டுப் போகும் பானெட்டில் போடுவதா?

சட்டமும் என் பக்கம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2021-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, வணிகத்துக்கல்லாத இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனி வகையாக ஏற்கின்றன. 'விஏ' எழுத்து சேர்ந்த எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து ஆண்டுச் செல்லுபடி. ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடிக்கூடு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. காப்பாற்றுவதற்காகத்தான் எல்லாவற்றையும் மாற்றினேன் என்று சொல்கிறவர் அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு டிங்கரிங்குக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். அதே விதி இந்த வகையில் பதிவான வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு விடாமல் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள், பராமரிப்பு என்று கட்டிப்போடுவது எனக்கு உடன்பாடில்லை. வாரம் ஒருமுறை ஓடாத வண்டி மறுபடி அதே வியாதிக்குத்தான் போகும். அது வேறு சண்டை.

"என் வண்டி, என் காசு, என் இஷ்டம்" என்ற கடைசி வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை. பச்சை வண்டிக்கு ரோஜாப்பூ நிறம் அடிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதை மீட்பு என்று சொல்லிப் பரிசு கேட்காதீர்கள் என்பது மட்டும்தான் என் வழக்கு. பரிசு கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடுவர் கையிலிருக்கும் வெள்ளைக் கைக்குட்டையை அடுத்த வருடமாவது பையில் வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கோடு போட்ட இடத்தில் நிறுத்திக்காட்டச் சொல்லட்டும். பாதிக் கோப்பைகள் கைமாறும்.

ஷெட்டில் ஒரு வண்டி வைத்திருக்கிறவர் அவசரப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது. பெயிண்ட்டர் எப்போதும் கிடைப்பார். இன்றைய கார்களே அவருக்குச் சோறு போடுகின்றன. டைனமோ சுற்றுகிறவர், கார்பரேட்டர் ஜெட்டைக் காதால் கேட்டு வைக்கிறவர், டிரன்னியனுக்கு என்ன ஆயில் என்று கேட்காமலே எடுத்து வருகிறவர், இவர்களுக்குப் பின்னால் வரிசை இல்லை. இவர்களிடம் வேலை கற்க வந்த பையன்கள் ஸ்கேனரோடு வேறு பக்கம் போய்விட்டார்கள். கையில் இருக்கும் பணத்தை இந்த வருடம் அவர்களுக்குக் கொடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, பையில் போட்டு, சீட்டு எழுதி வையுங்கள். பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். பெயிண்ட் வேண்டுமா என்பதை, வண்டி தானாகச் செங்கல்பட்டுவரை போய்த் திரும்பிய பிறகு பேசிக்கொள்ளலாம்.